டிசால்வ்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேர ஆங்கில வகுப்பில் வேதியியல் படிப்பவர்களும் வணிகவியல் படிப்பவர்களும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டிசால்வ் என்ற சொல் வந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சந்தேகம். முதலாமவருக்கு அது உப்புத் தண்ணீர், அடுத்தவருக்குக் கூட்டாண்மை நிறுவனம், மூன்றாமவருக்குச் சட்டமன்றம். வருடா வருடம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன்.

சார், ஒரே வரியில சொல்லுங்க. டிசால்வ்னா கரைக்கிறதா, கலைக்கிறதா?

இரண்டும்தான். உப்பு என்றால் கரைப்பது, சட்டமன்றம் என்றால் கலைப்பது, திருமணம் என்றால் முறிப்பது. தமிழில் மூன்று வினைகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஒன்றே செய்கிறது.

மூன்றுக்கும் பொதுவாக இருப்பது கட்டு அவிழ்வது. ஒன்றாகப் பிணைந்திருந்த துகள்கள், ஆட்கள், உறவு, எதுவானாலும் பிணைப்பு விலகுகிறது. பிணைந்திருந்தவை எங்கேயும் போய்விடுவதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி தானாகவே விடுபட்டுவிடும்.

சால்வ்னா தீர்க்கிறது. டிஸ் போட்டா எதிர்ப்பதம்னு படிச்சோம். அப்ப டிசால்வ்னா தீர்க்காம விடுறதுதானே?

பள்ளியில் டிஸ்லைக், டிஸ்ஒபே என்று பட்டியல் போட்டுக் கற்பிப்பதால் வரும் குழப்பம் இது. லத்தீனில் டிஸ் என்ற முன்னொட்டின் முதல் பொருள் ‘தனித்தனியாக’, ‘பிரிந்து’ என்பதுதான். ‘இல்லை’ என்ற பொருள் பின்னால் அதிலிருந்து கிளைத்தது. டிஸ்பர்ஸ், டிஸ்ட்ரிபியூட், டிஸ்செக்ட் ஆகியவற்றில் இருப்பது அந்தப் பழைய டிஸ். டிசால்விலும் அதே.

அப்புறம் சால்வ். லத்தீன் சொல்வெரே என்ற வினைக்கு அவிழ், தளர்த்து என்று பொருள். கயிற்று முடிச்சை அவிழ்ப்பதும் கப்பலைக் கரையிலிருந்து கட்டவிழ்த்து விடுவதும் கடனைத் தீர்ப்பதும் அந்த ஒரே வினைதான். புதிரை அவிழ் என்று நாமும் சொல்கிறோம் இல்லையா, சால்வ் அந்த வழியில்தான் ‘தீர்’ ஆனது. ஆக டிசால்வ் என்பது சால்வின் எதிரி கிடையாது. அவிழ்த்துத் தனித்தனியாக்கு என்று அதை இன்னும் அழுத்திச் சொல்வது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எவ்வளவு பழசு?

லத்தீன் டிஸ்ஸொல்வெரேயிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இன்னும் உள்ளே போனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. சொல்வெரே என்பதே ஒரு கூட்டுச்சொல். ‘விலக்கி’ என்று பொருள்படும் செ, ‘தளர்த்து’ என்று பொருள்படும் லுவெரே, இரண்டும் சேர்ந்து தேய்ந்து உருவானது. அதன் தலையில் மறுபடி டிஸ் வந்து உட்கார்ந்தது. பிரிவைச் சொல்லும் முன்னொட்டு ஒரே சொல்லில் இரண்டு தடவை. பேசுகிறவர்களுக்கு முதல் முன்னொட்டு இருப்பதே மறந்துபோன பிறகுதான் இப்படி நடக்கும். நாம் ‘நடுசென்டர்’ என்று சொல்லவில்லையா?

எழுதும்போது எத்தனை எஸ்? உச்சரிக்கும்போது டிஸ்-சால்வா?

எழுத்தில் இரண்டு எஸ். ஒன்று டிஸ்ஸின் கடைசி எழுத்து, இன்னொன்று சால்வின் முதல் எழுத்து. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு எஸ்ஸை விழுங்க மாட்டீர்கள்.

உச்சரிப்பு வேறு கதை. அங்கே ஒலிப்பது இஸட் ஒலி. டிசர்ட் என்ற இனிப்பு வகையில் இரண்டு எஸ் எழுதி இஸட்டாக ஒலிப்பதைப் போல. அழுத்தம் பின்பகுதியில் விழும். ஆனால் பெயர்ச்சொல்லான டிசல்யூஷனில் பழைய எஸ் ஒலி திரும்பி வந்துவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்றால், அழுத்தமான அசை உடனே தொடரும் இடத்தில் எஸ் மெலிந்து இஸட் ஆகிறது. டிசல்யூஷனில் அழுத்தம் ஒரு அசை தள்ளிப்போய்விடுகிறது.

கரையறதும் உருகுறதும் ஒண்ணுதானே? சர்க்கரை வாயில உருகுதுன்னு சொல்றோமே?

உருக வெப்பம் போதும், கரைய இன்னொரு பொருள் வேண்டும். ஐஸ் தனியாகவே உருகும். உப்பு தண்ணீரில் கரையும்; தண்ணீரே இல்லாமல் அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். வாயில் போட்ட கற்கண்டு உமிழ்நீரில் கரைகிறது. விளம்பரத்தில் ‘உருகும்’ என்று போட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த எல்லைக்கோடு இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் வானங்கள் தீப்பற்றி டிசால்வ் ஆகின்றன. பழைய பத்தி ஒன்றைப் படிக்கும்போது அங்கே தண்ணீர் எங்கே என்று தேட வேண்டாம்.

கரைஞ்ச உப்பு எங்க சார் போகுது?

எங்கேயும் போகவில்லை. உப்புக் கட்டியில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் வரிசையாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகச் சூழ்ந்து இழுத்து அந்தக் கோப்பைக் கலைக்கின்றன. 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைப் போட்டால் எடை 110 கிராம்தான். தண்ணீரைக் காயவைத்தால் 10 கிராம் உப்பும் திரும்பக் கிடைக்கும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் நடப்பது இதுதான்.

அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும். கொதிக்கவைத்தாலும் 39க்கு மேல் போகாது. சர்க்கரையோ 20 டிகிரியிலேயே ஏறக்குறைய 200 கிராம் கரையும், கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாகு காய்ச்ச முடிவதும் உப்பில் பாகு காய்ச்ச முடியாததும் இதனால்தான்.

பஞ்சர் கடையில டியூப்ல தடவுறதையும் சொல்யூஷன்னு சொல்றாங்களே, அது எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பஞ்சர் கடை அண்ணன் சரியாகத்தான் சொல்கிறார், வேதியியல் பொருளில். அந்தக் குழாயில் இருப்பது கரைப்பானில் கரைத்த ரப்பர். தடவியதும் கரைப்பான் ஆவியாகி ஓடிவிடும், அந்த நெடிதான் மூக்கில் ஏறுவது. மிஞ்சுகிற ரப்பர் ஒட்டுத்துண்டையும் டியூப்பையும் பிடித்துக்கொள்ளும். தடவியவுடனே ஒட்டாமல் சிறிது நேரம் ஊதிக் காயவிடுவதன் காரணமும் அதுவே.

ரப்பரைக் கரைக்கும் வித்தைக்கு வயது அதிகம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி, மழை புகாத துணி செய்ய ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்தது.

கணக்குக்கு விடையும் சொல்யூஷன், கரைசலும் சொல்யூஷன் என்பது தற்செயலாக வந்த ஒற்றுமை அல்ல. இரண்டுமே சொல்வெரேயின் பிள்ளைகள். சிக்கலை அவிழ்த்தால் விடை, கட்டியை அவிழ்த்தால் கரைசல்.

அப்ப சால்வன்ட்? ஒரு கம்பெனி எப்படி சால்வன்ட்டா இருக்கும்?

கடனைத் தீர்க்கும் நிலையில் இருக்கும் நிறுவனம் சால்வன்ட். கடன் ஒரு கட்டு. செலுத்திவிட்டால் கட்டு விடும். லத்தீனில் இருந்த இந்தப் பொருளை இரண்டாம் கேள்வியிலேயே சொன்னேன். தீர்க்க முடியாதவர் இன்சால்வன்ட். நம் ஊரில் ‘ஐ.பி. கொடுத்துட்டான்’ என்கிறார்களே, அந்த ஐ.பி. இன்சால்வன்சி பெட்டிஷனின் சுருக்கம்தான். ‘மஞ்சக் கடுதாசி’ என்பதும் அதே. இப்போது நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது.

கரைப்பான் என்ற பொருளும் கடன்தீர்ப்பு என்ற பொருளும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தவை. ரசவாதிகள் எதையும் கரைக்கும் ஒரு திரவத்தைத் தேடி அலைந்த காலம் அது. அதற்கு அல்கஹெஸ்ட் என்று பெயர் வைத்து, வான் ஹெல்மான்ட் போன்ற பெரிய அறிஞர்களே நம்பினார்கள். எல்லாவற்றையும் கரைக்கும் திரவம் கிடைத்தால் அதை எந்தப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

சட்டமன்றத்தைக் கலைச்சா டிசால்வ். மேலவையை எடுத்தாங்களே, அது மட்டும் ஏன் டிசால்வ் இல்ல?

டிசால்வ் ஆனால் அப்போதிருக்கும் உறுப்பினர்களின் அவை கலைகிறது, அமைப்பு இருக்கிறது. அடுத்த தேர்தலில் புது ஆட்கள் அதே அவையில் வந்து உட்காருவார்கள். தமிழ்நாட்டில் 1976லும் 1991லும் ஆட்சி கலைக்கப்பட்டபோது சட்டமன்றமும் டிசால்வ் ஆனது. பின்னால் தேர்தல் வந்தது. 1986இல் தமிழக மேலவைக்கு நடந்ததோ அபாலிஷ். அவை என்ற அமைப்பையே ஒழிப்பது அது. உப்புக் கட்டி கரைவதற்கும் உப்பளத்தையே மூடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

கூட்டத்தை நாளைக்குத் தள்ளிவைத்தால் அட்ஜர்ன், கூட்டத்தொடரை முடித்துவைத்தால் ப்ரொரோக். இவற்றில் உறுப்பினர் பதவி போகாது. மாநிலங்களவையை யாராலும் டிசால்வ் செய்ய முடியாது என்று அரசமைப்பின் 83ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஒரு தடவை கலைச்சுட்டா கலைச்சதுதானா? திரும்பச் சேர்க்க முடியாதா?

கலைத்தது சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டால் கலையவே இல்லை என்று அர்த்தம். இலங்கையில் 2018 நவம்பர் 9ஆம் தேதி ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்துப் பிரகடனம் வெளியிட்டார். நான்கரை ஆண்டுகள் முடியும் முன் கலைக்க, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் வேண்டும் என்பது அப்போது நடைமுறையில் இருந்த, அரசமைப்பின் 19ஆவது திருத்தத்தின் விதி. டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அந்தப் பிரகடனம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். நாடாளுமன்றம் தொடர்ந்தது.

கோர்ட்ல கல்யாணத்தை டிசால்வ் பண்றதும் நல் அண்ட் வாய்டுன்னு சொல்றதும் ஒண்ணா?

முன்னதில் முறையாக விழுந்த முடிச்சு ஒன்று இருந்து, இன்றைய தேதியில் அவிழ்க்கப்படுகிறது. பின்னதில் முடிச்சு முதலிலேயே விழவில்லை என்று நீதிமன்றம் சொல்கிறது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டத்தில் இரண்டும் தனித்தனித் தலைப்புகள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் தொடர்பான சட்டத்தின் பெயரிலேயே டிசல்யூஷன் இருக்கிறது.

கம்பெனி சட்டத்துல வைண்டிங் அப், டிசல்யூஷன் ரெண்டும் வருதே?

வைண்டிங் அப் என்பது வேலை; சொத்தை விற்பது, கடனைக் கொடுப்பது, மிச்சத்தைப் பங்கிடுவது. டிசல்யூஷன் என்பது அந்த வேலை முடிந்ததும் நிறுவனம் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போகும் தருணம். கூட்டாண்மையில் வரிசை மாறும்: எல்லாப் பங்காளிகளுக்கும் இடையிலான உறவு முறிந்தால் அதுவே நிறுவனத்தின் டிசல்யூஷன் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது, கணக்கு முடிப்பது அதற்குப் பிறகு.

தங்கத்தை அமிலத்துல கரைச்சா அது தங்கமாவே திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உப்பைப் போலக் காயவைத்தால் மட்டும் போதாது. அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து வேறு சேர்மமாக்கிவிடுகிறது. துத்தநாகத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு வற்றவைத்தால் மிஞ்சுவது துத்தநாகக் குளோரைடு. அதனால் கறாரான வேதியியல் ஆசிரியர்கள் இதை டிசால்வ் என்று சொல்லத் தயங்குவார்கள். பேச்சு வழக்கிலும் ஆய்வகத்திலும் ஆங்கிலம் தயங்குவதே இல்லை.

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் என்பவரின் ஆய்வகத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன. மேக்ஸ் ஃபொன் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய ஜெர்மன் இயற்பியலாளர்கள் பாதுகாப்புக்காக அனுப்பி வைத்தவை. நாஜி ஆட்சியில் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது கடும் குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த வேதியியலாளர் ஹெவெசி இரண்டையும் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். வந்து சோதித்தவர்கள் கண்ணில் அது இன்னொரு ரசாயனக் குடுவையாகத்தான் பட்டது. போர் முடிந்த பின் அந்தத் திரவத்திலிருந்து தங்கத்தை வீழ்படிவாக எடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார்கள். அதே தங்கத்தில் பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன.

பிள்ளையாரைக் கடல்ல கரைக்கிறதை டிசால்வ்னு எழுதலாமா?

வேண்டாம். ஆங்கிலப் பத்திரிகைகள் இம்மர்ஷன் என்று எழுதும், மூழ்கச் செய்வது என்று. அஸ்தி கரைப்பதற்கும் அதே சொல். தமிழில் ‘கரை’ மிகத் தாராளமானது. புளியைக் கரைக்கிறோம், மாவைக் கரைக்கிறோம், அப்பன் சேர்த்த சொத்தைக் கரைக்கிறோம். இவற்றில் முதல் இரண்டையும் டிசால்வ் என்று மொழிபெயர்த்தால் சமையல் குறிப்பு ஆய்வகக் குறிப்பாகிவிடும்.

அறிவியல்படியும் அது டிசால்வ் ஆகாது. களிமண் பிள்ளையார் தண்ணீரில் ஊறி உதிர்ந்து அடியில் படிகிறார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தவருக்கு அதுவும் நடப்பதில்லை. இறுகிய பின் அது ஜிப்சம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் கரையும். விசர்ஜனம் முடிந்த மறுநாள் கடற்கரையில் கையும் தும்பிக்கையுமாக ஒதுங்கிக் கிடப்பவை பெரும்பாலும் அவைதான்.

அப்சொல்யூட், ரெசல்யூஷன் எல்லாம் இதே குடும்பமா? அர்த்தம் ஒட்டவே இல்லையே?

அதே குடும்பம்தான். அப்சொல்யூட் என்றால் எல்லாக் கட்டிலிருந்தும் விடுபட்டது. அரசன் சட்டத்தால் கட்டுண்டவன் அல்லன் என்று ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதிய வாசகத்திலேயே இந்த வினை இருக்கிறது. ஐரோப்பாவின் முற்றதிகார மன்னர்கள் பின்னாளில் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரெசல்யூஷனுக்குக் கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பது என்று பொருள் இருந்தது. தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரிவது இரண்டு நட்சத்திரங்களாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல ரெசல்யூஷன். ஒரு பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து முடிவுக்கு வந்தால் அந்த முடிவும் ரெசல்யூஷன். ஐ.நா.வின் தீர்மானமும் புத்தாண்டு சபதமும் அந்த வழியில் வந்தவை. சபதம் பிப்ரவரிக்குள் டிசால்வ் ஆகிவிடுவது வேறு விஷயம்.

டயாலிசிஸ், பாரலிசிஸ்ல வர்ற லிசிஸுக்கும் நம்ம லயம், பிரளயத்துக்கும் தொடர்பு இருக்கா?

லிசிஸ் உறவுதான். லத்தீன் லுவெரேயும் கிரேக்க லூஎய்னும் ஒரு தாய்ச் சொல்லின் பிள்ளைகள், பொருளும் அதே ‘தளர்த்து’. கைகால் கட்டுவிட்டுப் போனால் பாரலிசிஸ், சேர்ந்திருப்பதைப் பிரித்து ஆராய்ந்தால் அனாலிசிஸ். சவ்வின் வழியே பொருள்களைப் பிரிக்கும் முறைக்கு டயாலிசிஸ் என்ற பெயரை தாமஸ் கிரகாம் 1861இல் வைத்தார். சிறுநீரக மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது. ஆங்கில லூஸும் ஹோம்லெஸ்ஸின் பின்னால் வரும் லெஸ்ஸும் தூரத்துச் சொந்தம். ‘குறைவு’ என்ற தனிச்சொல் லெஸ் வேறு வீட்டுப் பிள்ளை.

லயம் சமஸ்கிருத ‘லீ’ என்ற வேரிலிருந்து வருகிறது. ஒட்டிக்கொள், ஒன்றிப்போ என்பது அதன் பொருள். ஏறக்குறைய எதிர்த் திசை! பிரளயத்தை ஆங்கிலத்தில் டிசல்யூஷன் என்று மொழிபெயர்ப்பதாலும் ஒலி ஒத்துப்போவதாலும் உறவு இருப்பதாகத் தோன்றுகிறது. அதேபோல சாலிட் என்ற சொல்லுக்கும் சால்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சினிமாவுல டிசால்வ்னு எழுதுறாங்களே, அங்க எது கரையுது?

ஒரு காட்சி மங்க மங்க, அடுத்த காட்சி அதன் மேலேயே தெளிந்து வருவது. இந்தப் பெயர் சினிமாவுக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில், கண்ணாடியில் தீட்டிய படத்தைத் திரையில் காட்டும் மாய விளக்கு நிகழ்ச்சிகளில் இரண்டு விளக்குகளை ஒரே திரையில் குவித்து, ஒன்றை மங்கவைத்து மற்றதைப் பிரகாசமாக்குவார்கள். கோடைக்காலக் காட்சி கண்ணெதிரே பனிக்காலமாக மாறும். டிசால்விங் வியூஸ் என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு இயக்குநர் மெலியெஸ் 1899இல் எடுத்த சின்ட்ரெல்லா படத்தில் இதே உத்தியைப் பார்க்கலாம்.

கலைக்கப்பட்ட சட்டமன்றம்னு எழுத டிசல்யூட் அசெம்பிளின்னு போட்டேன். ஏன் சிவப்பு மையில சுழிச்சீங்க?

டிசல்யூட் வேர்ப்படி ‘அவிழ்ந்தது’தான். ஆனால் ஆங்கிலத்தில் அது மனிதர்களின் நடத்தைக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. குடி, கூத்து, சூதாட்டம் என்று கட்டில்லாமல் திரிகிறவர் டிசல்யூட். தமிழில் ‘தறிகெட்டவன்’ என்கிறோமே, கட்டுத்தறியை விட்டு ஓடிய மாட்டை நினைத்து, கிட்டத்தட்ட அது. நீங்கள் எழுதிய வாக்கியத்தின்படி ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை. அவையில் இருந்த எல்லோரும் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று அறிவித்திருக்கிறார். டிசால்வ்டு அசெம்பிளி என்று மாற்றி எழுதுங்கள்.